எங்கே சாப்பிடுவது, யாருடன் சாப்பிடுவது?

(எமது சங்கத்தின் லண்டன் கிளை நடத்திய நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைப் பேசக் கேட்டபோது, வழமைபோலச் சீனி வருத்தம் அல்லது பிரஷர் என்றுதான் தலைப்புத் தருவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "அதெல்லாம் கேட்டுக் கேட்டு ஆக்கள் அலுத்துப் போச்சினம். கனடாவிலையிருந்தும் அவுஸ்திரேலியாவிலையிருந்தும் வருகினம். லண்டனிலை எந்த அலுவலுக்கு எங்கை போய்ச் சாப்பிடலாம் எண்டு சொல்லும். நீர்தானே ஏழெட்டு வருசமா உம்மடை பச்சுக்கு மேசை புக் பண்ணுறது" என்றார். ஆகவே இன்றைக்கு நான் உணவகங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆனாலும் வைத்தியர் வைத்தியர்தான். இடையிடையே சீனி வருத்தம் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுக்காரருக்கு உணவகம் என்பது பள்ளிக்கூடக் காலத்தில் பழகிய விஷயம் அல்ல. நாங்கள் படித்தது யுத்த காலம். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, 1995 இடப்பெயர்வில் புத்தகப் பையோடு நடந்தவர்கள் நாங்கள். கடைச் சாப்பாடு என்றால் வீட்டில் ஏதோ குறை என்ற எண்ணமும் இருந்தது. மெனுவைப் பார்த்துத் தெரிவு செய்வது, மேசை பதிவு செய்வது, பில் வந்ததும் யார் கொடுப்பது என்று பேசுவது, இவையெல்லாம் நாங்கள் வளர்ந்த பிறகு, வேறொரு நாட்டில், ஒருவரை ஒருவர் பார்த்துப் படித்தவை. அதனால்தான் பலர் இன்றைக்கும் தெரிந்த ஒரே வழியில் போகிறோம்: ஃபோனை எடுத்து, எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பது. நட்சத்திரம் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும். உங்கள் மேசையில் யார் இருக்கப்போகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

நான் முதலில் பார்ப்பது அந்த மேசையில் யாருக்கு இருப்பது கடினம் என்பதைத்தான். யாருக்குக் காது கேளாது, யாருக்குப் படி ஏறேலாது, யாரால் அதைச் சாப்பிட முடியாது, யாரால் அந்தக் காசைக் கொடுக்க முடியாது. அவருக்குச் சரியான இடம் மற்ற எல்லோருக்கும் பெரும்பாலும் சரிவரும். மறுவளமாகச் செய்தால் அப்படி வராது.

என் பெரியம்மா ஒருவரின் 75ஆவது பிறந்தநாளை மத்திய லண்டனில் பெயர்பெற்ற ஓர் இடத்தில் பிள்ளைகள் கொண்டாடினார்கள். ஆசையோடு செய்ததுதான். சீமெந்துச் சுவர், துணி விரிக்காத மேசை, மேலே சத்தமான பாட்டு, அரை இருட்டு. மலசலகூடம் நிலவறையில், செங்குத்தான படிகளுக்குக் கீழே. பெரியம்மா முழு நேரமும் சிரித்துக்கொண்டே இருந்தார். படங்களில் அவ்வளவு சந்தோஷமாகத் தெரிந்தார். திரும்பும்போது காரில் என்னைக் கேட்டார்: "பிள்ளை, தம்பியவை என்ன கதைச்சவை?"

வயது போகும்போது முதலில் குறைவது கீச்சென்ற, உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் சக்தி. பேசுகிறார்கள் என்று கேட்கும், சொல் விளங்காது. சுற்றிவரச் சத்தம் இருந்தால் இன்னும் மோசம். காதுக்குக் கருவி போட்டிருந்தாலும் நிறைந்த உணவகத்தில் அது சத்தத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கும். இப்படியானவர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய், ஒரு கட்டத்தில் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாங்கள் அதைப் பார்த்து "அம்மாக்கு நல்ல சந்தோஷம்" என்போம்.

ஆகவே முதியவர்களோடு போவதென்றால் கம்பளம் விரித்த, திரைச்சீலை போட்ட, மேசைத் துணி விரித்த பழைய பாணி இடங்களைத் தேடுங்கள். துணி சத்தத்தை உறிஞ்சும். இளம் பிள்ளைகள் அவற்றைப் பழசு என்று நக்கலடிப்பார்கள், விடுங்கள். மூலை மேசை கேளுங்கள். அவருடைய முதுகு சுவர்ப் பக்கம், கதைப்பவர்களின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். உதட்டைப் பார்த்தும்தானே அவர்கள் பாதியை விளங்கிக்கொள்கிறார்கள். வட்ட மேசை கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. நீள மேசையின் ஓரத்தில் அம்மாவை இருத்தி "தலைமை இருக்கை" என்று சொல்வது அவரை நாடு கடத்துவதற்குச் சமம்.

நேரமும் முக்கியம். நண்பகல் 12 மணி, அல்லது மாலை ஐந்தரை. லண்டன் உணவகங்கள் ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில்தான் நிரம்பி வழியும். பல இடங்களில் ஒன்றரை மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் என்று மேசைக்குக் காலக்கெடுவும் உண்டு. மெதுவாகச் சாப்பிடும் ஒருவர் இருந்தால் பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுவிடுங்கள். (இதோ சீனி வருத்தம் வந்துவிட்டது.) இன்சுலின் போடுபவர்கள், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்கள், ஏழரை மணிக்கு மேசை என்று வீட்டில் மருந்தை எடுத்துவிட்டு வெளிக்கிடுவார்கள். சாப்பாடு வர எட்டே முக்கால். அதற்கிடையில் வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று. இவர்கள் மருந்து எடுக்கும் நேரத்தைத் தங்கள் வைத்தியரிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும்; சட்டென்று சீனியை ஏற்றும் ஏதாவது கைப்பையில் இருக்க வேண்டும்; இருந்த உடனேயே ஒரு துண்டு பாண் கேட்டு வாங்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களின் உணவகங்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பார்க்கலாம். ஆனால் கலோரி குறைவு என்றால் மாச்சத்தும் குறைவு என்று அர்த்தமில்லை.

படிகளைப் பற்றி ஒன்று. மத்திய லண்டனின் பழைய கட்டடங்களில் மலசலகூடம் அநேகமாக நிலவறையில்தான். இணையத்தில் "சக்கர நாற்காலி வசதி உண்டு" என்று போட்டிருந்தாலும் அது சில நேரம் வாசற்படியை மட்டும்தான் குறிக்கும். தொலைபேசியில் ஒருவரிடம் நேரே கேளுங்கள்: மலசலகூடம் எந்தத் தளத்தில்? முழங்கால் நோ உள்ள அக்காமார் மாலை முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் ஒருநாளும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

இனிக் காசு. இதைப் பற்றிச் சபையில் பேசுவது எங்களுக்குக் கூச்சம், ஆனால் சங்கத்துக்குள் பேசாவிட்டால் வேறெங்கே பேசுவது?

எங்கள் பச் ஒன்றுகூடல் ஒன்றை முன்பு வேறொரு தோழி ஒழுங்கு செய்திருந்தார். நல்ல இடம், நல்ல சாப்பாடு. முடிவில் பில்லை ஆட்களால் பிரித்தார்கள், தலைக்கு 68 பவுண். பணம் கட்டும் இயந்திரம் கைமாறி வந்தது. என் பக்கத்தில் இருந்தவள் மரக்கறிச் சாப்பாட்டுக்காரி. ஒரு சூப்பும் ஒரு பாஸ்தாவும்தான் சாப்பிட்டாள், குடித்தது தண்ணீர். சுப்பர்மார்க்கெற்றில் வேலை செய்து, தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். ஒன்றும் சொல்லாமல் கட்டினாள். அடுத்த வருடம் அவள் வரவில்லை, "ஷிப்ற்" என்றாள். அதற்கடுத்த வருடமும் ஷிப்ற். ஓ.எல். பரீட்சைக்கு எங்களில் பாதிப் பேருக்குக் கணிதம் சொல்லித்தந்தவள் அவள். அதன் பிறகுதான் மேசை புக் பண்ணும் வேலையை நான் கேட்டு வாங்கினேன்.

இப்போது நாங்கள் செய்வது இது. சேவைக் கட்டணத்தோடு சேர்த்து ஒரு நிலையான தொகைக்கு உணவகத்தோடு முன்கூட்டியே பேசி, அந்தத் தொகையை அழைப்பிலேயே எழுதிவிடுவது. வைன் குடிப்பவர்களுக்குத் தனிப் பில். குழாய்த் தண்ணீர் கேட்க வெட்கப்பட வேண்டாம். மதுபானம் விற்க அனுமதி பெற்ற இடங்கள் இங்கிலாந்தில் கேட்பவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 2010இலிருந்து நிபந்தனை. பில்லில் பன்னிரண்டரை வீதம் என்று சேர்த்திருப்பது பெரும்பாலும் விருப்பத்துக்குரியது. சேவை மோசமென்றால் எடுக்கச் சொல்லலாம். ஆனால் நல்லதென்றால் கொடுங்கள். 2024 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அந்தக் காசு முழுவதும் வேலை செய்பவர்களுக்கே போக வேண்டும். அவர்களில் எத்தனை பேர் எங்கள் பிள்ளைகள் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். சவுத் கென்சிங்ரனில் விக்ரோறியா அன்ட் அல்பேட் நூதனசாலைக்குள் இருக்கும் சாப்பாட்டு மண்டபம். உலகத்தில் நூதனசாலை ஒன்றுக்குள் முதன்முதலாக உணவகம் திறந்தது அங்கேதான் என்பார்கள்; 19ஆம் நூற்றாண்டின் வேலைப்பாடு, வண்ண ஓடு பதித்த சுவர்கள், தூண்கள். ஒரு பக்கத்து அறை வில்லியம் மொறிஸின் நிறுவனம் அலங்கரித்தது. நூதனசாலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய், விரும்பியதை எடுத்து, அவரவர் தன் காசைக் கொடுத்துவிட்டு வந்து ஒரே மேசையில் இருக்கலாம். ஒருத்தி முழுச் சாப்பாடு, மற்றவள் ஒரு தேநீரும் ஸ்கோனும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எவ்வளவு நேரம் இருந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். ரியூப் நிலையத்தில் மட்டும் படிகள் உண்டு, முழங்கால்காரர் பஸ்ஸில் வாருங்கள். அந்தத் தோழி திரும்ப வந்தது அங்கே நடந்த ஒன்றுகூடலுக்குத்தான்.

அடுத்து, சாப்பிட முடியாதவை. எங்கள் பள்ளிக்கூடத்தில் சைவப் பிள்ளைகள், கிறிஸ்தவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாங்கில் இருந்தோம். லண்டனில் ஒரே மேசையில் இருப்பதுதான் கொஞ்சம் சிக்கல். இங்கே "வெஜிற்றேரியன்" என்றால் முட்டை சேர்த்தி. எங்கள் மரக்கறிக்காரர் பலர் முட்டை தொடமாட்டார்கள். அதோடு மெனுவில் தெரியாதவையும் உண்டு: பாமசான் சீஸ் செய்வதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் பாவிக்கப்படுகிறது, பிரெஞ்சு வெங்காய சூப் அநேகமாக மாட்டெலும்புச் சாற்றில், தாய்லாந்துக் கறிகளில் மீன் சோஸ், வூஸ்ரர் சோஸில் நெத்தலி இனத்து மீன், சில புடிங்குகளில் ஜெலற்றின், சில மீன்-சிப்ஸ் கடைகளில் உருளைக்கிழங்கு பொரிப்பதே மாட்டுக்கொழுப்பில். ஆகவே முட்டையும் வேண்டாம் என்பவர்கள் "வீகன்" என்று கேட்பது சுலபம். பாலும் போய்விடும்தான், ஆனால் நிம்மதியாகச் சாப்பிடலாம். விரத காலத்தில், வெங்காயம் உள்ளியும் ஆகாது என்றால், நீஸ்டன் கோயிலோடு இருக்கும் ஷாயோனா, சோஹோவில் ராதாகிருஷ்ணர் கோயிலோடு இருக்கும் கோவிந்தாஸ். கந்தசஷ்டி முடித்த என் மச்சாள் ஒருவர் நேரே அங்கேதான் போவார்.

முஸ்லிம் தோழிகளைப் பொறுத்தவரை நானாக ஒன்றையும் ஊகிப்பதில்லை. ஒருத்திக்கு இறைச்சி ஹலாலாக இருந்தால் போதும். இன்னொருத்திக்கு மது பரிமாறும் இடமே வேண்டாம். மூன்றாமவள் மீன் சாப்பிட்டுக்கொள்வாள். கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் வராமல் விடுகிறார்கள். ஒவ்வாமையும் அப்படித்தான். 14 வகைப் பொருட்களைப் பற்றிக் கேட்டால் உணவகம் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் ஆட்களின் கடைகளிலும் கேளுங்கள்; சில குழம்புகளில் கஜு அரைத்துச் சேர்ப்பார்கள்.

சம்பந்திமார் முதன்முதலாகச் சந்திப்பது இப்போது எங்கள் வீடுகளில் அடிக்கடி நடக்கும் விஷயம். மகன் ஓர் ஆங்கிலேயப் பிள்ளையை அல்லது குஜராத்திப் பிள்ளையைக் கூட்டிவருகிறான். எங்கே சந்திப்பது? எங்கள் ஆட்களின் கடையில் என்றால் அவர்கள் விருந்தாளிகள், உறைப்புக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு "லவ்லி" என்பார்கள். அவர்களுடைய இடத்தில் என்றால் எங்கள் அம்மாமார் கத்தி முள்ளுக்கரண்டியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடம் நல்லது. எட்ஜ்வெயார் றோட்டில் லெபனான் கடைகள், ஹரிங்கே கிறீன் லேன்ஸில் துருக்கிக் கடைகள். சிறுசிறு தட்டுகளில் நடுவில் வைப்பார்கள், எல்லோரும் கையால் ரொட்டி பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும். கத்தரிக்காய், கடலை, கீரை என்று மரக்கறி தாராளம். பல இடங்களில் இறைச்சி ஹலால். "இதைக் கொஞ்சம் எடுங்கோ" என்று தட்டை நீட்டுவதிலேயே அரைவாசிக் கூச்சம் போய்விடும். பில் வரும் நேரத்தில் கல்லாவுக்கு முன்னால் மல்லுக்கட்ட வேண்டாம். நீங்கள் கொடுப்பதென்றால் உள்ளே வரும்போதே கார்டைக் கொடுத்துவிடுங்கள். ஆங்கிலேயர் பாதி தருவோம் என்றால் அது மரியாதைக் குறைவு அல்ல, அவர்கள் வழக்கம்.

ஒருவரிடம் துக்கமான, இரகசியமான விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோய், விவாகரத்து, பிள்ளையின் பிரச்சினை. ஈஸ்ற்ஹாமிலும் ரூட்டிங்கிலும் ஹரோவிலும் எங்கள் கடைகளில் வேண்டாம். இடியப்பமும் சொதியும் அருமைதான். ஆனால் பின் மேசையில் உங்கள் கோயில்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார், நீங்கள் வீடு போய்ச் சேர முதல் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். பெரிய ஹொட்டேல்களின் வரவேற்புக் கூடத்துக்குப் போங்கள். தங்கியிருப்பவர்கள் மட்டும்தான் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. மெத்தைக் கதிரை, தூரத்தூர மேசைகள், ஒரு தேநீர் வாங்கினால் இரண்டு மணித்தியாலம் யாரும் கிட்ட வரமாட்டார்கள். தேநீர் விலை கொஞ்சம் கூடத்தான். அது அந்த அமைதிக்கான வாடகை. அழுதாலும் பார்க்காத மாதிரி இருக்கப் பழகியவர்கள் அங்குள்ள பணியாளர்கள். என் வேலையில் கெட்ட செய்தி சொல்வது அடிக்கடி வரும். சொல்லி முடிந்ததும் அந்தக் குடும்பம் ஆஸ்பத்திரிக் கன்ரீனில் பிளாஸ்ரிக் கதிரைகளில் ஒன்றும் பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே இருந்து அவர்கள் எதை யோசிக்க முடியும்?

வெளிநாட்டிலிருந்து வந்த தோழிகள் கேட்பது "ஆஃப்ரர்நூன் ரீ". ஊரில் ஹொட்டேல்களில் இதை "ஹை ரீ" என்று விளம்பரம் செய்கிறார்கள். இங்கே ஹை ரீ என்பது பழைய காலத்தில் வேலையாட்கள் மாலையில் உண்ட இராச் சாப்பாடு. றிற்ஸ் ஹொட்டேலில் என்றால் வாரக்கணக்கில் முன்பே பதிவு, ஒருவருக்கு 70 பவுணுக்கு மேல், கணவன்மார் கோட்டும் ரையும் கட்ட வேண்டும். பிக்காடிலியில் ஃபோற்னம் அன்ட் மேசன், 1707இல் தொடங்கிய கடை, அதன் மேல்தளத்தில் அமைதியான கூடம். மரக்கறித் தட்டும் கேட்டால் தருவார்கள். ஒருமுறை போகலாம், பிழையில்லை. தேயிலைப் பட்டியலில் எங்கள் நாட்டுத் தோட்டங்களின் பெயரைக் காணும்போது அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் ஒருநாளும் இந்தக் கதிரையில் இருந்ததில்லை என்ற நினைப்பு எனக்கு வரும். உங்களுக்கும் வரலாம்.

நாடகம் பார்க்கப் போகிறவர்கள் வெஸ்ற் எண்டில் மாலை ஐந்துக்கும் ஆறரைக்கும் இடையில் மலிவாகத் தரும் சாப்பாட்டைக் கேளுங்கள். பரீட்சை முடிவு நாளில் பிள்ளைகள் எங்கே என்கிறார்களோ அங்கே போங்கள், நண்டோஸ் என்றாலும் சரி.

கடைசியாகத் தனியாகச் சாப்பிடுவது. இதைச் சொல்லும்போது இங்கே சில அக்காமார் என்னைப் பார்க்கிறார்கள். தனியாக ஒரு பெண் கடையில் போய் இருப்பதா என்று எங்களுக்குச் சொல்லித்தந்த காலம் உண்டு. இந்த மண்டபத்தில் கணவரை இழந்தவர்கள் இருக்கிறோம், பிள்ளைகள் தூரத்தில் இருப்பவர்கள் இருக்கிறோம். சோஹோவில் ஜப்பானிய நூடில்ஸ் கடைகள் சிலவற்றில் நீளப் பலகை ஒன்று, அதன் முன்னால் வரிசையாக இருக்கை. சமைப்பவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். பக்கத்து ஆளும் தனி ஆள்தான். இரவுக் கடமை முடித்த நாட்களில் நான் போவது அப்படியான இடத்துக்கு. யாரும் "ஒருவர் மட்டுமா?" என்று கேட்பதில்லை.

நாளை ஞாயிறு நண்பகல் 12 மணிக்கு, எட்ஜ்வெயார் றோட்டில் ஒரு லெபனான் கடையில் நாற்பது பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவருக்கு 28 பவுண், எல்லாம் சேர்த்து. மலசலகூடம் தரைத்தளத்தில், நானே போய்ப் பார்த்துவிட்டேன். ரீச்சர்மார் விருந்தாளிகள், அவர்கள் பைக்குள் கை போடக்கூடாது. இன்னும் பெயர் தராதவர்கள் வாசலில் இருக்கும் கொப்பியில் எழுதுங்கள். மரக்கறி, ஹலால், முழங்கால், காது, எதுவென்றாலும் பெயருக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். அந்தக் கொப்பியை நான் மட்டும்தான் பார்ப்பேன்.